காலையில் ஒருமுறை குடிலைச் சுற்றி வாருங்கள்

(இரணைமடுப் பகுதியில் மீள்குடியேறிய குடும்பங்களுக்காக நடந்த பசுமைக்குடில் பயிற்சி நாளில் எமது தொடர்பாடல் அலுவலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே இருப்பவர்களில் சிலர் வவுனியாவிலிருந்து வந்திருக்கிறீர்கள். சிலர் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீடுகளில் வருடக்கணக்காக இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வந்த குடும்பங்களும் இருக்கின்றன. சிலருக்கு இது சொந்தக் காணி. சிலருக்கு அப்பாவின் காணி, பற்றை வெட்டி எல்லை தேடிக் கண்டுபிடித்த காணி. அந்தக் காணியில் இப்போது ஒரு பசுமைக்குடில் நிற்கிறது, அல்லது அடுத்த மாதம் நிற்கப்போகிறது.

நான் விவசாயம் படித்தவள் அல்ல, கலைப்பிரிவில் பட்டம் பெற்றவள். விவசாயப் போதனாசிரியர்கள் சொல்வதையும் உங்களைப் போன்ற குடும்பங்கள் சொல்வதையும் கேட்டு, எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி எழுதிக் கொடுப்பது என் வேலை. குடிலை எப்படிக் கட்டுவது என்று போதனாசிரியர் காலையில் சொல்லிவிட்டார். கட்டிய பிறகு ஒவ்வொரு நாளும் என்ன பார்க்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

இந்த உரையில் முக்கியமான விடயம் ஒன்றுதான். குடில் தானாகப் பயிரைக் காப்பாற்றாது. தினமும் காலையில் பத்துப் பதினைந்து நிமிடம் ஒருவர் உள்ளே போய் வடிவாகப் பார்த்தால்தான் அது காப்பாற்றும். பார்க்காமல் விட்ட குடில் வெளித்தோட்டத்தை விடக் கெதியாக அழியும்.

வெளியில் நிற்கிற கத்தரிக்கு வெண்ணிற ஈ வந்தால் மழை கொஞ்சத்தைக் கழுவும், காற்று கொஞ்சத்தை அடித்துக்கொண்டு போகும், சிலந்தியும் பொறிவண்டும் கொஞ்சத்தைத் தின்னும். குடிலுக்குள் மழையும் இல்லை, காற்றும் இல்லை, பொறிவண்டும் இல்லை. ஒரு கிழிசலால் நுழைந்த பத்து ஈக்கு அங்கே எதிரியே கிடையாது. ஒரு பெண் ஈ நூறுக்கு மேல் முட்டையிடும். நமது வெக்கையில் மூன்று கிழமைக்குள் அந்த முட்டைகள் பறக்கிற ஈக்களாகிவிடும். முதல் பத்தைக் கண்டால் வேலை லேசு. மூன்று கிழமை கழித்துக் கண்டால் அந்தப் போகமே போய்விடும்.

வெக்கையைப் பாருங்கள்

குளிர் நாடுகளில் கண்ணாடி வீடு கட்டுவது செடிக்குச் சூடு கொடுக்க. நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் பொலித்தீன் குடில் போடுவது குளிரையும் மழையையும் தடுக்க. நமக்கு இரணைமடுவில் சூடு தேவையில்லை, அது ஏற்கெனவே கூடுதலாகவே இருக்கிறது. நமக்குக் குடில் இரண்டு காரியத்துக்குத்தான் உதவும். மாரியில் பெருமழை செடியை அடித்துவிடாமல் கூரையாக நிற்கும். மற்றக் காலத்தில் பூச்சியை வெளியே நிறுத்துகிற வலையாக இருக்கும். ஆகவே உள்ளே சேருகிற சூட்டை வெளியே விடுவதுதான் இங்கே குடில் வைத்திருப்பவருடைய முதல் வேலை.

தறப்பாள் கூடாரத்துக்குள் பகல் பதினொரு மணிக்கு எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மெனிக் பாமில் இருந்தவர்களுக்குத் தெரியும். பக்கத்தைச் சுருட்டிக் கட்டினால்தான் மூச்சு விடலாம். செடிக்கும் அதே நிலைமைதான். குடிலின் நான்கு பக்கமும் பொலித்தீனால் மூடியிருந்தால் தக்காளி வெந்துவிடும். பக்கங்களில் பூச்சி வலை இருக்க வேண்டும், கூரையின் உச்சியில் சூடு வெளியேற வழி இருக்க வேண்டும்.

ஒரு வெப்பமானியைச் செடியின் உயரத்தில் தொங்க விடுங்கள். அதில் நேரடி வெய்யில் படக்கூடாது, ஒரு சிரட்டையோ அட்டையோ மேலே மறைப்பாக இருக்கட்டும். காலை ஏழு மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் பார்த்து எழுதுங்கள். பகல் 35 பாகையைத் தாண்டி, இரவும் 25 பாகைக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளி பூக்கும், ஆனால் காய் பிடிக்காது. பூ மஞ்சளாகிக் காம்போடு உதிரும். பலர் அதை நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். அது வெக்கைதான். மருந்துக்குக் கொடுத்த காசு வீண்.

வெக்கை கூடினால் செய்யக்கூடியவை:

- பக்கத் திரைகள் இருந்தால் காலை எட்டு மணிக்கு முன்பே முழுதாகச் சுருட்டி விடுங்கள். பூச்சி வலையைத் திறக்க வேண்டாம்.
- பங்குனியிலிருந்து புரட்டாதி வரை கூரைக்கு மேலே பாதி வெளிச்சத்தை மறைக்கிற நிழல் வலையைப் போடுங்கள். மாரியில் மந்தாரமாக இருக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் செடி மெலிந்து நெடுக்க வளரும்.
- நடுப்பகலில் நடைபாதையில் தண்ணீர் தெளிக்கலாம். இலையில் தெளிக்க வேண்டாம்.
- சோளகம் வீசுகிற மாதங்களில் செடி நிறையத் தண்ணீர் இழக்கும். காற்று வருகிற பக்கத்தில் குடிலுக்குச் சற்றுத் தள்ளி கிளிசரியா அல்லது வாழை வரிசை ஒன்று நின்றால் நல்லது. ஒட்டி நடக்கூடாது, காற்றே வராமல் போகும்.

எந்த மாதத்தில் என்ன வைப்பது என்பதும் இதைப் பொறுத்ததுதான். தக்காளி, கறிமிளகாய் வைக்கிறவர்கள் புரட்டாதியில் நாற்றுப் போட்டு ஐப்பசியில் நடலாம். கார்த்திகை மழையில் வெளித்தோட்டத் தக்காளி அழுகும்போது உங்களுடையது கூரைக்குக் கீழே நிற்கும். மார்கழி, தையில் இரவு கொஞ்சம் குளிர்வதால் காயும் பிடிக்கும். கோடையில் தக்காளியோடு மல்லுக்கட்ட வேண்டாம். கீரை வகை, வெள்ளரி, விற்பதற்கான மிளகாய், கத்தரி நாற்று ஆகியவற்றை நிழல் வலைக்குக் கீழே செய்யலாம். ஒரு போகம் குடிலைச் சும்மா விடுவதும் நல்ல வேலைதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

தண்ணீரைப் பாருங்கள்

இரணைமடு பக்கத்தில் இருக்கும்போது தண்ணீருக்கு என்ன கவலை என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். உங்களுக்குத் தெரியும், குளத்துத் தண்ணீர் முதலில் வயலுக்கு. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கருக்குத் திறப்பது என்று கூட்டம் வைத்து முடிவெடுத்துத்தான் திறப்பார்கள். மேட்டுக்காணிக் குடிலுக்குக் கிணறுதான் கதி. வாய்க்கால் ஓடும் நாட்களில் கிணறு ஏறும், வாய்க்கால் நின்றால் இறங்கும். ஆகவே நடுவதற்கு முன்பே கிணற்றின் கோடைகால மட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும்.

கணக்கு இதுதான். ஆயிரம் சதுர அடிக் குடிலில் ஏறத்தாழ 200 தக்காளிக் கன்று நிற்கும். காய்க்கிற பருவத்தில் வெய்யில் நாளில் ஒரு செடிக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றர் தேவை. அதாவது ஒரு நாளைக்கு 200 முதல் 400 லீற்றர். ஆயிரம் லீற்றர் தாங்கி இரண்டரை நாளிலிருந்து ஐந்து நாள் வரை போதும். இதைத் தெரிந்துகொண்டால் பம் பழுதானாலும் எத்தனை நாள் தாங்கலாம் என்று பதறாமல் யோசிக்கலாம்.

மழைத் தண்ணீரையும் விட வேண்டாம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லீற்றர் விழும். கூரையோரம் பீலி வைத்துத் தாங்கிக்கு விட்டால் உப்பில்லாத நல்ல தண்ணீர் கிடைக்கும்.

தினமும் பார்க்க வேண்டியது செடியின் அடி மண். ஒரு விரல் ஆழத்துக்குக் கிளறி ஒரு பிடி எடுத்துப் பொத்திப் பிடியுங்கள். விரலிடுக்கால் தண்ணீர் வடிந்தால் கூடிவிட்டது. கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் போதாது. உருண்டையாக நின்று, தட்டினால் உடைந்தால் சரி. பையில் தும்புத்தூளில் வளர்க்கிறவர்கள் பையைத் தூக்கிப் பார்த்தே பாரத்தால் சொல்லப் பழகலாம்.

துளிநீர்க் குழாய் போட்டவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நமது கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்பு கூட. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் குழாயின் துளையையும் அடைக்கும். கிழமைக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவுங்கள். வரிசையின் தொடக்கத்தில் ஒரு பேணி, கடைசியில் ஒரு பேணி வைத்து பத்து நிமிடம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இரண்டு பேணியிலும் ஏறத்தாழ ஒரே அளவு இருக்க வேண்டும். கடைசிப் பேணியில் பாதிதான் இருந்தால் கடைசிச் செடிகள் பட்டினி கிடக்கின்றன என்று அர்த்தம்.

தண்ணீர் ஒரு நாள் நிறைய, இரண்டு நாள் இல்லை என்று மாறி மாறி விட்டால் தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து உட்குழியும், பழம் வெடிக்கும். அதுவும் பூச்சி இல்லை. தினமும் ஒரே நேரத்தில் அளவாகத் தண்ணீர் விட்டால் புதிதாக வருகிற காய்கள் பெரும்பாலும் நல்லதாக வரும். இலை விளிம்பு கருகி, மண்ணில் வெள்ளைப் பூப்பூத்தால் தண்ணீரில் அல்லது பசளையில் உப்புக் கூடிவிட்டது. பரந்தன், கண்டாவளைப் பக்கம் காணி உள்ளவர்கள் நடுவதற்கு முன்பே கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

செடியைப் பாருங்கள்

இப்போது காலைச் சுற்று. வெய்யில் ஏறுமுன், வெளித்தோட்டத்துக்குப் போகுமுன் குடிலுக்குள் போங்கள். வெளித்தோட்டத்தில் வேலை செய்த உடுப்போடு குடிலுக்குள் வந்தால் பூச்சியை நீங்களே தோளில் சுமந்து வருகிறீர்கள். வாசலில் ஒரு வாளி தண்ணீரும் சவர்க்காரமும் வைத்திருங்கள். கையைக் கழுவிவிட்டுத்தான் செடியைத் தொட வேண்டும். சுருட்டு, பீடி, வெற்றிலையோடு புகையிலை போடுகிற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் இது இன்னும் முக்கியம். புகையிலை, தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் ஒரே குடும்பம். புகையிலையில் இருக்கக்கூடிய தேமல் வைரசு கைவழியாகத் தக்காளிக்குத் தாவும்.

உள்ளே போகும்போது முதல் கதவை மூடிவிட்டு இரண்டாவதைத் திறவுங்கள். இரண்டு கதவு இல்லாவிட்டால் பழைய பூச்சி வலைத் துண்டைத் திரையாகத் தொங்க விடுங்கள். பிறகு வலையைச் சுற்றிப் பார்த்து, கிழிசல் கண்டால் அன்றைக்கே நைலோன் நூலால் தைத்துவிடுங்கள்.

எல்லாச் செடியையும் பார்க்கத் தேவையில்லை. ஒரு நாளைக்குப் பத்துச் செடி போதும். கதவோரம் இரண்டு, ஓரங்களில் நான்கு, நடுவில் நான்கு. நாளைக்கு வேறு பத்து. ஒவ்வொன்றிலும் குருத்தைப் பாருங்கள், நடு இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள், அடித்தண்டைப் பாருங்கள். பீடைகளில் பல இலையின் அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கும். மேலால் பார்த்து "நல்லாய் நிற்குது" என்று சொல்லிவிட்டு வந்தால் அது பார்த்ததாகாது. கண் தெளிவில்லாத பெரியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளைகளின் கண்ணுக்கு முட்டைகூடத் தெரியும். மருந்தடித்த நாட்களில் மட்டும் பிள்ளைகளை உள்ளே விடக்கூடாது.

எதைக் கண்டால் என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

வெண்ணிற ஈ: குருத்தை மெல்ல உலுப்பினால் வெள்ளைத் தூள் மாதிரிப் பறக்கும். தக்காளிக் குருத்து மேல்நோக்கிச் சுருண்டு, விளிம்பு மஞ்சளாகி, செடி குட்டையாக நின்றால் அந்த ஈ கொண்டுவந்த இலைச்சுருள் வைரசு. அதற்கு மருந்து இல்லை. மனம் வராது, ஆனாலும் அந்தச் செடியைப் பிடுங்க வேண்டும். நின்ற இடத்திலேயே பையால் மூடி, பையோடு பிடுங்கி வெளியே கொண்டுபோய் ஆழமாகத் தாட்டுவிடுங்கள். ஒரு செடியைக் காப்பாற்றப் பார்த்தால் இருநூறும் போகும்.

பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும்: மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் சிற்றுண்ணி. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒரு வெள்ளைக் கடதாசியைக் கீழே பிடித்துக் குருத்தைத் தட்டுங்கள். ஓடுகிற மெல்லிய நீளப் பூச்சி பனிப்பூச்சி. சிற்றுண்ணி இலையில் சிலவேளை நூலாம்படை கட்டும், வெக்கையும் வறட்சியும் கூடினால் ஒரு கிழமை, பத்து நாளில் ஒரு தலைமுறை பெருகும்.

பக்டீரியா வாடல்: செடி பச்சையாக இருக்கும்போதே பகலில் வாடும், பின்னேரம் நிமிரும், இரண்டு மூன்று நாளில் நிமிராமலே போகும். அடித்தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீர்க் கிளாசில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் மாதிரி நூலாக இறங்கினால் இதுதான். வேர் மண்ணோடு தோண்டி எடுத்துவிடுங்கள். அந்த மண்ணில் பட்ட மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த செடிக்குப் போக வேண்டாம். அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் உடனே திரும்ப வைக்க வேண்டாம்.

வேர்முடிச்சு: செடி காரணமில்லாமல் வளராமல் நின்றால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். மணி கோத்த மாதிரி முடிச்சுகள் இருந்தால் வட்டப்புழு. இதற்கும் வாடலுக்கும் தான் நான் முன்பு சொன்ன ஓய்வுப் போகம் உதவும். ஆனி முதல் ஆவணி வரையான வெய்யிலில் பாத்தியை நனைத்து, நிறமில்லாத மெல்லிய பொலித்தீனால் மண்ணோடு ஒட்டி மூடி, ஓரங்களுக்கு மண் போட்டு, நான்கு முதல் ஆறு கிழமை விடுங்கள். வெய்யில் மேல்மண்ணை அவித்துவிடும். செலவு குறைந்த வைத்தியம் இதுதான். முழுதாக ஒழியாது, நன்றாகக் குறையும்.

மஞ்சள் அட்டை: மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் துண்டில் கிறீஸ் பூசிச் செடியின் உச்சிக்குச் சற்று மேலே கட்டித் தொங்க விடுங்கள். வெண்ணிற ஈ அதில் ஒட்டும். பனிப்பூச்சிக்கு நீல நிறம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எண்ணி எழுதிவிட்டுத் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். போன கிழமை 4, இந்தக் கிழமை 15 என்றால் உடனே போதனாசிரியரோடு கதையுங்கள்.

பூவையும் பாருங்கள். வலைக்குள் தேனீ வராது. தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனால் கொஞ்சம் அசைவு வேண்டும். காலை ஒன்பது, பத்து மணிக்குச் செடி கட்டிய கயிற்றை மெல்லத் தட்டிக்கொண்டு போங்கள். பாகல், புடோல் வைத்தவர்கள் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிட வேண்டும். பாகல் காலையில் பூக்கும், புடோல் இருட்டிய பிறகு பூக்கும். வெள்ளரி வைப்பதானால் மகரந்தம் சேராமலே காய்க்கிற இனமா என்று விதை வாங்கும்போதே கேளுங்கள்.

மருந்தைக் கடைசியில் எடுங்கள்

பீடை கொஞ்சமாக இருக்கும்போது கையால் நசுக்கலாம், இலையைக் கிள்ளிப் பையில் போடலாம். அடுத்தது வேம்பு. வன்னியில் வேப்பமரத்துக்குப் பஞ்சமில்லை. பழம் விழுகிற காலத்தில் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி வையுங்கள். தோடு நீக்கிய பருப்பு 50 கிராம் இடித்து, துணியில் முடிந்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் பிழிந்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, அன்று பின்னேரமே இலையின் அடிப்பக்கம் நனையும்படி விசிறுங்கள். மறுநாளைக்கு வைத்தால் வீரியம் குறையும். கிழமைக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும்.

கடை மருந்துதான் தேவை என்று போதனாசிரியர் சொன்னால், குடில் மூடிய இடம் என்பதை மறக்க வேண்டாம். வெளியில் அடிக்கும் மருந்தைக் காற்று கொண்டுபோகும், இங்கே அது உங்கள் மூச்சில் நிற்கும். நீளக் கை உடுப்பு, கையுறை, முகமூடி கட்டாயம். வெய்யில் தணிந்த பிறகு, உள்பக்கத்தில் தொடங்கிக் கதவை நோக்கிப் பின்னால் வந்தபடி அடியுங்கள். சிட்டையில் எழுதிய நாட்கள் முடியுமுன் காய் பறித்து விற்கவும் வேண்டாம், வீட்டுக் கறிக்கும் எடுக்க வேண்டாம். கர்ப்பிணிப் பெண்களும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். மீதி மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், பூட்டுப் போட்ட பெட்டியில் வையுங்கள். திறப்பு ஒரு பெரியவரிடம் இருக்கட்டும். ஏன் இதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கு விளங்கும்.

மண்ணையும் தடியையும் எங்கே எடுக்கிறோம்?

செடிக்கு நல்ல மண் வேண்டும், பந்தலுக்குத் தடி வேண்டும் என்று பக்கத்துப் பற்றைக்குள் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். துப்புரவு செய்து கையளிக்கப்படாத காணிக்குள் ஒரு கூடை மண்ணுக்காகவும் போக வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லை என்பதால் அந்த இடம் பாதுகாப்பு என்று ஆகாது. பாத்தி வெட்டும்போது இரும்பு மாதிரி ஏதும் தட்டுப்பட்டால் தொடாதீர்கள், கிளறாதீர்கள். வந்த வழியே திரும்பி, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்தின் ஆட்களுக்கோ சொல்லுங்கள். ஒரு நாள் வேலை கெட்டால் கெடட்டும்.

வெள்ளமும் காற்றும்

2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த மழையையும் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்ததையும் இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பயிரும் கால்நடையும் வீட்டுச் சாமானும் தண்ணீரோடு போயின. அன்று தண்ணீர் ஏறிய இடத்தில் குடில் போட வேண்டாம். ஊரில் நின்ற ஒருவரைக் கேட்டால் தண்ணீர் எதுவரை வந்தது என்று காட்டுவார். பாத்தியை ஒரு அடியாவது உயர்த்துங்கள். குடிலைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, ஐப்பசி பிறக்குமுன் அதைத் துப்புரவாக்குங்கள்.

சூறாவளி எச்சரிக்கை வந்தால் கயிறுகளை இறுக்கி, பக்கத் திரைகளை இறக்கிக் கட்டுங்கள். காற்று மிகக் கடுமையாக வரும் என்று சொன்னால், நேரமிருக்கும்போதே பொலித்தீனைக் கழற்றிச் சுருட்டி வீட்டுக்குள் வைப்பதுதான் புத்தி. பயிர் நனையும், ஆனால் சட்டகம் நிற்கும். பொலித்தீனோடு விட்டால் காற்று இரண்டையும் கொண்டுபோகும். எதைச் செய்தாலும் காற்று தொடங்கிய பிறகு உள்ளே நிற்க வேண்டாம்.

கொப்பியில் எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்கக் கொப்பியும் பென்சிலும் குடில் வாசலில் ஒரு பையில் தொங்கட்டும். திகதி, காலை வெப்பம், பகல் வெப்பம், தண்ணீர், கண்டது, செய்தது, பறித்தது, விற்றது. ஒரு நாளைக்கு ஒரு வரி. "கதவடி மூன்றாம் செடி வாடல்" என்று எழுதினால் போதும். போதனாசிரியர் வரும்போது நீங்கள் ஞாபகத்தைத் தேட வேண்டியதில்லை, அவரும் ஊகிக்க வேண்டியதில்லை. அடுத்த வருடம் எந்தக் கிழமையில் எது வந்தது என்று உங்கள் கொப்பியே சொல்லும்.

காசுக் கணக்கும் அதே கொப்பியில்தான். கூரைப் பொலித்தீன் நமது வெய்யிலுக்கு மூன்று வருடம் அளவில்தான் தாங்கும். பிறகு மாற்ற வேண்டும், அந்த முறை அதைத் தர ஒரு திட்டம் இருக்காது. கிழிந்த பொலித்தீன் தொங்க வெறும் கம்பிகளாக நிற்கிற குடில்களை வழியில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல முதல் பொலித்தீனோடு நின்றுபோனவை. ஒவ்வொரு பறிப்பிலும் ஒரு சிறு தொகையைக் கூரைக்கென்று தனியாகப் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. குடில் நிற்கிறது, காய் வரப்போகிறது என்று நம்பி, கிழமைக்குக் கிழமை கட்டுகிற குழுக்கடன் எடுக்க வேண்டாம். தக்காளி நட்டு முதல் பழம் பறிக்க இரண்டு, இரண்டரை மாதம் ஆகும். கடன்காரர் அடுத்த கிழமையே வாசலில் நிற்பார். தம்புள்ளையிலிருந்து லொறி வருகிற நாளில் சந்தை விலையும் விழும். முதல் போகத்தின் கணக்கைக் கொப்பியில் பார்த்த பிறகு கடனைப் பற்றி யோசியுங்கள்.

மறைக்க வேண்டாம்

கடைசியாக, மனம்விட்டு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். குடிலில் நோய் வந்தால் சிலர் சொல்வதில்லை. "நிறுவன ஆட்கள் அறிந்தால் அடுத்த கட்ட உதவி நிற்கும்", "எங்களுக்குத் தந்ததே வீண் என்று நினைப்பார்கள்" என்று பயம். இத்தனை வருடம் பதிவு, விசாரணை, பட்டியல் என்று அலைந்தவர்களுக்கு அந்தப் பயம் வருவது நியாயம். ஆனால் நோய் வந்ததற்காக எங்களிடம் எவருடைய உதவியும் நிறுத்தப்படாது. நோய் எல்லாருடைய குடிலுக்கும் வரும். மறைத்தால்தான் நட்டம். உங்கள் குடிலில் பெருகிய வெண்ணிற ஈ வேலி தாண்டிப் பக்கத்து அக்காவின் குடிலுக்குப் போகும். பயிர் முடிந்த குடிலைச் செடியோடு கைவிட்டாலும் அதே கதைதான். கடைசிப் பறிப்பு முடிந்த கிழமையே செடிகளைப் பிடுங்கித் தாட்டுவிடுங்கள். ஒரு வீதியில் ஐந்து குடில் இருந்தால் ஐந்து பேரும் கிழமைக்கு ஒருநாள் ஒருவருடைய குடிலை மற்றவர் போய்ப் பாருங்கள். தன் செடியில் தெரியாதது பிறத்தியார் கண்ணுக்குத் தெரியும். தனியாகக் குடும்பத்தைக் கொண்டுபோகிற அம்மாமாருக்கு இது பெரிய துணை. ஒருவருக்குச் சுகமில்லாத நாளில் மற்றவர் தண்ணீர் விடுவார்.

சந்தேகம் வந்தால் முதலில் உங்கள் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியர். விவசாயத் திணைக்களத்தின் தொலைபேசி ஆலோசனைச் சேவை இலக்கம் 1920. வட்டக்கச்சியில் மாவட்ட விவசாயப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. நோய்ப்பட்ட இலையைக் காட்டக் கொண்டுபோகும்போது பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிக் கொண்டுபோங்கள், வழியில் உள்ள தோட்டங்களுக்குப் பரவக்கூடாது. பீடை மருந்துக் கடையில் கேட்பதைக் கடைசியாக வையுங்கள். கடைக்காரர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் உங்கள் செடியைப் பார்க்கவில்லை.

இன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கொரு கொப்பியும் ஒரு மஞ்சள் துண்டும் வாங்கிக்கொண்டு போங்கள், வாசலில் மேசையில் வைத்திருக்கிறோம். நாளை விடிய முதல் பத்துச் செடியைப் பார்த்து முதல் வரியை எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது கொப்பியைக் கையோடு கொண்டு வாருங்கள். அதில் இருப்பதை வைத்துத்தான் அன்றைக்குக் கதைப்போம்.